சர்க்கரை போட்டு வந்த தட்டு

எனக்குப் பொறாமை உண்டு. ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லமாட்டேன், இங்கே சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை எடுத்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவள் கம்மல் வாங்கினால் நானே கூடப் போய் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அவள் இன்னொருத்தியின் அடுப்படியில் நின்று சிரிக்கிற சத்தம் காதில் விழுந்துவிட்டால் போதும், வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது. போன டிசம்பர் முழுக்க எனக்கு அந்த எரிச்சல்தான். வாசலில் நட்சத்திர விளக்கைக் கட்டிவைத்துக்கொண்டு உள்ளே நான் வெந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம். நடுவில் ஒரே சுவரை வைத்து இரண்டு பக்கமும் கட்டிய இரட்டை வீடு. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். பின்னால் துணி துவைக்கிற கல் இரண்டு வீட்டுக்கும் பொது. என்னைவிட அவள் கொஞ்சம்தான் சின்னவள். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை அம்மணி என்பேன். அவள் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டுகிறார். என் வீட்டுக்காரர் பம்புசெட் கம்பெனியில் லேத்தில் நிற்கிறார். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் பக்கத்தில் பண்டிகை என்றால் எல்லாமே நோம்பிதான். அவர்கள் தீபாவளி நோம்பிக்கு நான் போய் முறுக்குச் சுற்றுவேன். எங்கள் கிறிஸ்துமஸ் நோம்பிக்கு அவள் வந்து தேங்காய் மிட்டாய்க்குக் கை கொடுப்பாள். என் மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலிருந்து இப்படித்தான். இப்போது அவள் காலேஜில் படிக்கிறாள்.

இந்தத் தேங்காய் மிட்டாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வெள்ளையில் ஒரு தட்டு, ரோஸ் கலரில் ஒரு தட்டு என்று கிண்டி, சதுரமாக வெட்டி, கலர் பேப்பர் ஒட்டிய டப்பாவில் அடுக்கி எல்லோருக்கும் கொடுப்போம். வீதியில் உள்ள வீடுகள், போதகர் வீடு, பாட்டுக் குழு, வீட்டுக்காரரின் கம்பெனி, பால் ஊற்றுகிறவர் என்று போய்க்கொண்டே இருக்கும். கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் சர்ச்சில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. தேங்காய் மிட்டாய்க்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

அதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. தேங்காயை ஓட்டோரத்துக் கறுப்பு விழாமல் துருவ வேண்டும். அகலமான வடச்சட்டியில் சர்க்கரையும் பாலும் சேர்த்துக் கிண்ட ஆரம்பித்தால் கையை எடுக்கக் கூடாது. ஓரமெல்லாம் நுரைத்துப் பூத்து வருகிற நேரத்தில் அடுப்பை அணைத்து, நெய் தடவிய தட்டில் ஒரே மூச்சில் கொட்டிச் சமமாக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் களியாகிவிடும், கொஞ்சம் பிந்தினால் உதிர்ந்து மண்ணாகிவிடும். ஒருத்தி கிண்டினால் இன்னொருத்தி தட்டோடு தயாராக நிற்க வேண்டும். நான் கிண்டுவேன், அவள் துருவுவாள், நெய் தடவுவாள், தட்டைப் பிடிப்பாள். பேச்சு மட்டும் ஓயாது. அவள் மாமியார் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன், தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அதில் புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கும்.

போன வருஷம் ஆடி முடிந்ததும் எதிர்வீட்டு மாடிக்கு ஒரு பெண் குடி வந்தாள். வால்பாறையில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி இரண்டு வருஷம், புருஷனுக்கு இங்கே மில்லில் வேலை. எங்கள் சபைதான். வந்த வாரமே படியிறங்கி வந்து கையில் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பளபளவென்று பச்சையும் சிவப்பும் ஜரிகைத் தாளில் சுற்றிய சாக்லேட். நட்சத்திரம் மாதிரி, மணி மாதிரி, இலை மாதிரி.

"ஆன்ட்டி, நானே செஞ்சது. சாப்ட்டுப் பாருங்க" என்றாள் என்னிடம்.

பக்கத்தில் என் அம்மணி நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் திரும்பி, "அக்கா, நீங்களும் எடுத்துக்கங்க" என்றாள்.

கேட்டீர்களா? நான் ஆன்ட்டி, அவள் அக்கா. எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்திருக்கிறது. நான் சாயம் பூசுவதில்லை, அவள் பூசுகிறாள், அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குள் வந்து ஒன்றை வாயில் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம்.

செய்கிற விதத்தை மகள் போனில் காட்டினாள். சாக்லேட் கட்டியைக் கடையில் வாங்கி, கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கி, ரப்பர் அச்சில் ஊற்றி, பிரிட்ஜில் வைத்து, மறுபடியும் கட்டியாக்குவது. கட்டியை உருக்கிக் கட்டியாக்குவதற்கு நானே செய்தது என்று ஒரு பெயர்! பதம் உண்டா, கை வலி உண்டா, அடிப்பிடிக்கும் என்கிற பயம் உண்டா? மகளிடம் இதைச் சொன்னேன். "ஏம்மா, அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. உனக்கென்ன?" என்றாள். பெற்ற பிள்ளைகூட நமக்காகப் பேசமாட்டாள்.

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. சாயங்காலம் காப்பி குடித்ததும் துவைக்கிற கல்லுக்கு வந்து உட்காருகிற அம்மணி, வரவர வருவதில்லை. முதலில் நான் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தேன். பிறகு எதிர் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரண்டு சிரிப்பு. ஒன்று யாருடையது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அவள் சிரித்தால் கடைசியில் ஒரு இருமல் வரும். அந்த இருமல் மாடியிலிருந்து வந்தது.

டிசம்பர் பாதியில் அம்மணியின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் சாக்லேட் வந்தது. தட்டு நிறைய, வரிசையாக, ஓரத்தில் பூவெல்லாம் வைத்து. என் போனில் பார்த்தால் நான் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மகள் போனை வாங்கி அதில் பார்த்தேன். ஒரு தடவை இல்லை. மகள் குளித்துவிட்டு வந்து, "என் போன்ல என்னம்மா நோண்டற?" என்று பிடுங்கிக்கொண்டு போகிறவரைக்கும் பார்த்தேன். என் தேங்காய் மிட்டாயை அவள் ஒரு வருஷமாவது ஸ்டேட்டஸில் போட்டாளா?

மறுநாள் துவைக்கிற கல்லில் அவளைப் பிடித்தேன். நகத்தோரம் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மணி, கையெல்லாம் ஒரே சாக்லேட்டு?"

"அதுங்களா, அந்தப் புள்ள கூப்புட்டுச்சுங்க்கா. சும்மா பாக்கலாம்னு போனேன்."

"சும்மா பாக்கப் போனவளுக்குக் கை எப்புடி ஆச்சு? கண்ணுலதான ஆகோணும்?"

அவள் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து உதறினாள். "நல்ல புள்ளைங்க்கா அது. நீங்களும் ஒருக்கா வாங்க. சொல்லிக் குடுக்கும்."

"எனக்கு எதுக்கு? நான் இங்கயே கெடக்கறவ. உனக்குத்தான் இப்ப மாடியேற வந்துட்டுது" என்றேன்.

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்ததில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "தேங்கா எப்பப் போடறீங்க்கா? சனிக்கெழமதான?" என்று கேட்டாள். எப்போதும் சனிக்கிழமைதான். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

எனக்கு வந்த வீம்புக்கு அளவே இல்லை. நீ இல்லாவிட்டால் எனக்கு மிட்டாய் வராதா, பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமையே தேங்காயை உடைத்தேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார், மகள் காலேஜுக்கு. கூடத்தில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்து துருவினேன். வேண்டுமென்றே சுவரோரமாகத்தான் உட்கார்ந்தேன். அந்தச் சுவரில் எதுவும் ஒளியாது. அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நான் எண்ணுவேன். எதிர் மாடியில் அன்றைக்குப் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அதையும் தெரிந்துகொண்டேன். ஆக அவள் வீட்டில்தான் இருக்கிறாள். கேட்கட்டும், கேட்டு ஓடி வரட்டும் என்று துருவினேன். சத்தம் கேட்டால் வரமாட்டாளா? கூப்பிட்டால்தான் வருவாளா? நான் ஏன் கூப்பிட வேண்டும்?

வரவில்லை.

துருவி முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. துருவுகிற வேலையில் இவ்வளவு வலி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. வெள்ளை மிட்டாய்க்குச் சட்டியை ஏற்றிக் கிண்டினேன். கிண்டிக்கொண்டே வாசலைப் பார்த்தேன், வாசலைப் பார்த்துக்கொண்டே கிண்டினேன். ஓரம் பூத்து வரும்போதுதான் தட்டில் நெய் தடவவில்லை என்று ஞாபகம் வந்தது. ஐயோ கர்த்தாவே! கரண்டியை விட்டுவிட்டு அலமாரியைத் திறந்து நெய்ச் சம்படத்தைத் தேடி, மூடி திறக்காமல் பல்லால் கடித்துத் திறந்து, தடவிவிட்டுத் திரும்பினால் சட்டி பொரபொரவென்று ஒட்டிக் கிடக்கிறது. துணியால் சட்டியைப் பிடித்துச் சாய்த்தால் சுரண்ட இன்னொரு கை இல்லை. தட்டில் விழுந்தது பாதி. அதைத் தட்டிச் சமமாக்கக் கத்தி வைத்தால் மாவாக உதிர்ந்தது. சரி, ரோஸ் கலரையாவது காப்பாற்றுவோம் என்று இரண்டாவது சட்டியில் பயந்துபோய் முன்னாலேயே இறக்கினேன். அது இறுகவே இல்லை. மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே, காலேஜ் விட்டு வந்த மகள் இரண்டு தட்டையும் பார்த்தாள். "ஏம்மா, ஒண்ணு புட்டு, ஒண்ணு அல்வா. சித்தி வரலியா?" என்றாள். அம்மணியை அவள் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

"உங்க சித்திக்கு ஆயிரம் சோலி" என்றேன்.

"நீ கூப்புட்டியா?"

நான் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். உடையாத துண்டாகப் பார்த்துப் பொறுக்கினேன். பொறுக்கியது போதாமல் புட்டையும் பொட்டலம் கட்டினேன். வெட்கம் கெட்ட வேலைதான். ஆனால் கொடுக்காமல் விட்டால் தேங்காய் மிட்டாய்க்காரம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்களே.

பாட்டுக் குழு எங்கள் வீதிக்கு வந்தது அடுத்த நாள் சாயங்காலம். எங்கள் வீட்டில் பாடி, ஜெபம் பண்ணி, மிட்டாய் வாங்கிக்கொண்டார்கள். ஒரு பையன் வில்லையை எடுத்தான், அது அவன் விரலுக்குள்ளேயே பொடியாகிக் கொட்டியது. "பரவால்லீங்க ஆன்ட்டி, டேஸ்ட்டா இருக்குது" என்று சொல்லிக் கையை நக்கினான். அப்புறம் எதிர் மாடிக்குப் போனார்கள். இறங்கி வரும்போது அத்தனை பேர் சட்டைப் பையிலும் பச்சையும் சிவப்புமாக ஜரிகைத் தாள் மின்னியது. அவர்களுக்குப் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றது என் அம்மணி. சர்ச் பாட்டுக் குழுவுக்கு, கிறிஸ்துமஸ் பலகாரத்தை, அந்த வீட்டு ஆளாக நின்று கொடுக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் அது பொறாமை என்று தெரிந்துபோகும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் வீதிக்கெல்லாம் தட்டு அனுப்பினோம். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்குத் தட்டு போவது என்கிற வழக்கமே எங்களுக்குள் கிடையாது. கிண்டி இறக்கியதும் அவளே டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போவாள். கேட்கமாட்டாள், சொல்லவும் மாட்டாள். அந்த வருஷம் நான் அவளுக்குத் தட்டு போட்டேன். நல்ல எவர்சில்வர் தட்டு. அடியில் பூப்போட்ட பேப்பர், மேலே இரண்டு வாழைப்பழம், கேக் ஒரு துண்டு, பொறுக்கி எடுத்த மிட்டாய், அதன் மேல் மூடுவதற்குக் கைக்குட்டை மாதிரி லேஸ் துணி. புதிதாகக் குடி வந்தவர்களுக்குப் போடுகிற தட்டு. மகளிடம் கொடுத்து, "சித்திக்குக் குடுத்துட்டு வா" என்றேன். உனக்கும் எனக்கும் இனி இவ்வளவுதான் என்று அந்தத் தட்டு சொல்லும். அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன்.

மகள் உடனே திரும்பி வந்தாள். தட்டு கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நடுவில் ஒரு கை சர்க்கரை.

எங்கள் பக்கத்தில் பலகாரத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அது மரியாதை. தெரிந்தவர்களுக்கு, புதியவர்களுக்கு, சம்பந்தி வீட்டுக்குச் செய்கிற மரியாதை. எங்களுக்குள் அது ஒருநாளும் இருந்ததில்லை. என் கிண்ணம் அவள் வீட்டில் மாசக்கணக்கில் கிடக்கும், அவள் தூக்குப்போசியில் நான் ரசம் வைத்துக்கொண்டிருப்பேன். யார் பாத்திரம் யாரிடம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அப்படிப்பட்டவள் தட்டைக் கழுவி, துடைத்து, சர்க்கரை போட்டு அனுப்பியிருக்கிறாள்.

நான் போட்ட சூடு எனக்கே திரும்பி வந்துவிட்டது. அது நியாயமாகவே இருந்தாலும் எனக்குத் தாங்கவில்லை. நான் கோபத்தில் செய்தேன். அவள் நிதானமாகச் செய்திருக்கிறாள். அந்த நிதானம்தான் அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்காரர் தட்டை எட்டிப் பார்த்தார். "சக்கரையா? நல்லதாப் போச்சு. காப்பிக்கு இல்லைன்னு காலைலயே சொன்னீல்ல?" என்று சொல்லி டப்பாவில் கொட்டப் போனார்.

"ஏனுங்க, அதத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டார். "சக்கரைக்கு எதுக்கு இந்தக் கோவம்?" என்று மகளைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். அவர் காப்பியைக் கசப்பாகவே குடித்துவிட்டு, டிவி பார்க்கப் போய்விட்டார்.

நோம்பி நாளும் அதுவுமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரியாணி செய்தேன், எல்லோரும் சாப்பிட்டார்கள். மத்தியானம் பின்பக்கம் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கு அவளுக்கு என்ன நோம்பியா, துவைக்கிறாள். நான் பின்கதவைத் திறந்துகொண்டு போனேன். என்ன பேசப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

"ஏம்மணி, தட்டுல சக்கரை போட்டு உடற அளவுக்கு நான் யாரோ ஆயிட்டனா?"

அவள் நிமிரவில்லை. "தட்டு வந்துதுங்க்கா. சும்மா குடுக்கலாமுங்களா? மரியாத இல்லீங்களே."

"அந்த மரியாதையெல்லாம் மாடியூட்டுல போயிக் காட்டு."

அவள் துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்புத் தண்ணீர் பட்டோ, என்னவோ.

"அன்னிக்குத் துருவற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்களாக்கா? மொதத் தேங்காயிலயே கேட்டுருச்சு. வெள்ளிக்கெழமையாச்சே, அக்கா எதுக்கு இன்னைக்கே ஆரம்பிச்சுப்போட்டாங்கன்னு நெனச்சேன். அடுப்ப அணச்சு, கையக் கழுவி, முந்தானையச் சொருவிட்டுக் கதவுகிட்ட நின்னேன். இப்பக் கூப்புடுவாங்க, இப்பக் கூப்புடுவாங்கன்னு நின்னேன். சக்கரை வேகற வாசம் வந்துருச்சு. நீங்க கூப்புடவே இல்லீங்க."

"நீ மாடில இருப்பீன்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாதீங்க்கா. அங்க பூட்டுப் போட்டிருந்தத எட்டிப் பாத்தீங்க. நீங்க எட்டுனத என் வாசல்ல இருந்து நானும் பாத்தேன்."

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கை கழுவிக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பக்கம் நான் பல்லால் மூடியைத் திறந்துகொண்டிருக்கிறேன். ஆனாலும் கோபம் இறங்க மறுத்தது.

"சத்தங் கேட்டா வரவேண்டியதுதான? உனக்கென்ன வெத்தலபாக்கு வெக்கோணுமா? அங்க மட்டும் கூப்புடாமயே ஓடறயே!"

"அங்க போனா அந்தப் புள்ள சட்டியவே என் கைல குடுக்குதுங்க. மொத நாளே, அக்கா நீங்க ஊத்துங்கன்னு குடுத்துச்சு. ஒரு சொட்டுச் சிந்தாம ஊத்துனேன்." அவள் குரல் உடைந்தது. "உங்க ஊட்டுல எத்தன வருசமாத் துருவறேன். ஒருக்கா, ஒரே ஒருக்கா, இந்தா கரண்டியப் புடின்னு சொல்லியிருக்கீங்களா? தேங்கா மிட்டாய்க்காரம்மா, தேங்கா மிட்டாய்க்காரம்மான்னு அத்தன பேரும் சொல்றப்ப நானும் பக்கத்துலதான நிக்கறேன். எனக்கு மட்டும் வயிறு எரியாதுங்களா?"

வயிறு எரிகிறது என்று அவள் சொல்லுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அது என்னுடைய நோய் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் என் பக்கத்திலேயே நின்று, மாமியார் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டே, அவளும் எரிந்திருக்கிறாள்.

"கேட்டிருக்கலாமில்ல?" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"கேட்டாக் குடுத்திருப்பீங்களா?"

நான் யோசித்தேன். கிறிஸ்துமஸ் நாளில் பொய் சொல்லக் கூடாது. அதுவும் ஏற்கெனவே ஒன்று சொல்லிப் பிடிபட்டாயிற்று.

"மாட்டேன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, கடைசியில் இருமினாள். எனக்குத்தான் அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று கல்லில் உட்கார்ந்து அழுதேன். அவள் ஈரக் கையோடு என் தலையைத் தொட்டு, "அட, எந்திரிங்க்கா. நோம்பியும் அதுவுமா" என்றாள்.

"புது வருசத்துக்கு ஒருக்காக் கிண்டலாம். நீ கிண்டு" என்றேன்.

"நடுவுல வந்து கரண்டியப் புடுங்குவீங்க."

"புடுங்கமாட்டேன்."

"சத்தியமா?"

"நாங்க சத்தியமெல்லாம் பண்ணக் கூடாது அம்மணி, வேதத்துல சொல்லியிருக்குது. நம்பினா நம்பு."

டிசம்பர் முடிகிற அன்று காலையில் வந்தாள். அருவாமனையில் நான் உட்கார்ந்தேன், அடுப்பருகில் அவள் நின்றாள். அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் தீயைக் கூட்டி வைத்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. பாலை இரண்டு தடவையாக ஊற்றினாள், பல்லைக் கடித்துக்கொண்டேன். ஓரம் பூத்தபோது மட்டும் வாய் தாங்கவில்லை. "எறக்கு, எறக்கு!" என்று எழுந்துவிட்டேன்.

"இல்லீங்க்கா, இன்னுஞ் சித்த நேரம் போகோணும்."

"போயிரும், போயிரும்! உதுந்துபோயிரும்!"

"உக்காருங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல். என்னை அப்படி ஒரு குரலில் அவள் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்துவிட்டேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் கிண்டி, சரியான நேரம் என்று அவளுக்குத் தோன்றிய நேரத்தில் அணைத்தாள். நான் தட்டைப் பிடித்தேன். ஒரே மூச்சில் கொட்டினாள்.

நாசமாய்ப் போக, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. ஓரம் கூர்மையாக வெட்டுப்பட்டது, உள்ளே பஞ்சாக இருந்தது. நான் கிண்டி ஒருநாளும் அப்படி வந்ததில்லை. "எப்புடீங்க்கா இருக்குது?" என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பரவால்ல" என்றேன். "பரவால்லன்னா எதுக்கு அடுத்ததுக்குக் கை போகுது?" என்றாள். எடுத்த வில்லையைத் திரும்ப வைக்கவும் முடியாமல் வாயில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் புது வருஷப் பலகாரம் என்று இரண்டு பேருமாகத் தட்டுத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கினோம். முதலில் மூலை வீட்டு டீச்சரம்மா. ரிட்டையர் ஆனவர், மனதில் பட்டதை அப்படியே பேசுகிற வாய். வாசலிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்ணை மூடி மென்றார்.

"அடடே, இது பிரமாதமா இருக்குதே! யாரு செஞ்சது?"

"நாந்தானுங்க கிண்டுனேன். அக்கா தேங்கா துருவிக் குடுத்தாங்க" என்றாள் அவள்.

ஒரு ஆளும் என்னைப் பற்றி இதற்கு முன்னால் அப்படிச் சொன்னதில்லை. முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன்.

டீச்சரம்மா விடவில்லை. "அப்ப கிறிஸ்துமஸ்க்கு வந்துதே, பொட்டலம் பிரிச்சதும் மண்ணாட்டம் கொட்டுச்சு, அது யாரு செஞ்சது?" என்று என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அதுவும் நாந்தானுங்க. பழகறதுக்குச் செஞ்சு பாத்தேன், பாழாப் போச்சு. அக்கா பாவம், வேற வழியில்லாமக் குடுத்தாங்க."

"அதான பாத்தேன், இவங்க கை அப்புடி வராதே" என்று டீச்சரம்மா என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் நடக்காத மாதிரி லேஸ் துணியை இழுத்துத் தட்டை மூடிக்கொண்டிருந்தாள். நல்ல பெயரையும் அவளே வாங்கிக்கொண்டாள், கெட்ட பெயரையும் அவளே வாங்கிக்கொண்டாள். எனக்கென்று ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை, பாவி. வயிறு எரிய எரிய அவளோடு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.